நீலத்துக்குள் ஒரு வழி

எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தெரியும் என்றால், அவருடைய நாயின் பெயர் தெரியும் என்று அர்த்தம். ஆளின் பெயரைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். பத்துப் பன்னிரண்டு வருடமாக, அநேகமாகத் தினமும், ப்ரையர்ஸ் காட்டில் பிக்கிள் என்கிற நாயின் அப்பாவைப் பார்த்துவருகிறேன். "இன்னைக்குக் கொஞ்சம் குளிருதுல்ல?" என்பார். "நேத்தைக்கு இது தேவலை" என்பேன். அத்துடன் அவர் வழியில் அவர், என் வழியில் நான். பிக்கிளுக்கு இடது காதில் அடிக்கடி புண் வரும் என்று எனக்குத் தெரியும். வான்கோழிக் கறி ஒத்துக்கொள்ளாது என்றும் தெரியும். அந்த மனிதருக்கு மனைவி உண்டா, பிள்ளை உண்டா, எந்தத் தெருவில் குடியிருக்கிறார், ஒன்றும் தெரியாது. கேட்டால் அவரும் சங்கடப்படுவார், நானும் சங்கடப்படுவேன். எதற்கு வம்பு?

என் பெயர் லோர்னா. வேலையில் இருந்த காலத்தில், வண்டி ஓட்டும் உரிமத்துக்கு வருகிறவர்களைச் சோதித்து ஃபெயில் பண்ணிக்கொண்டிருந்தவள். என் பக்கத்தில் உட்கார்ந்து அழுத ஆண்பிள்ளைகளுக்குக் கணக்கே கிடையாது. ஓய்வு பெற்றபின் அந்தக் கறாரையெல்லாம் கொண்டுபோய்க் காட்டில் இறக்கிவைத்தேன். ஏப்ரல் பிறந்ததும் ப்ரையர்ஸ் காட்டின் நடைபாதை நெடுகக் குச்சி நட்டுக் கயிறு கட்டுவது நான்தான். 'தயவுசெய்து பாதையிலேயே நடக்கவும்' என்ற பலகைகளை எழுதியதும் நான்தான். 'தயவுசெய்து' என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பேன்.

எல்லாம் ப்ளூபெல் பூக்களுக்காக. ஓக் மரங்களில் இலை விரிந்து நிழல் விழுவதற்கு முன்னால், அந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் அவசர அவசரமாகப் பூத்து முடித்துவிடும். காட்டின் தரை முழுக்க நீலம். மண் தெரியாது. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ சனம் வரும். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? குழந்தையைப் பூ நடுவில் உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். கல்யாணப் பெண்ணை வெள்ளைக் கவுனோடு கொண்டுவந்து படுக்கவைத்த ஒரு புகைப்படக்காரரை நான் காட்டின் வாசல் கதவு வரை துரத்தியிருக்கிறேன். பூ நசுங்கினால்கூடப் பரவாயில்லை. இலை நசுங்கினால் அடியில் இருக்கும் கிழங்குக்குச் சாப்பாடு கிடையாது. ஒரு நாள் மிதித்த இடம் பழையபடி ஆக ஏழெட்டு வருடம் பிடிக்கும். அதனால் அந்த வாரங்களில் நான் பூவைப் பார்ப்பதே இல்லை. வருகிறவர்களின் காலைத்தான் பார்ப்பேன்.

போன வருடம் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை. காலையில் நல்ல கூட்டம். சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனபின், கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். பாதை வளைகிற இடத்தில், கயிற்றுக்கு இந்தப் பக்கம், பிக்கிள் தனியாக உட்கார்ந்திருந்தது. செம்பட்டை நிறம், குட்டைக் கால், பெரிய மனுஷத் தோரணை. ஆளைக் காணோம்.

"உங்க அப்பா எங்கடா?" என்றேன். அது வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு மறுபடி முன்னால் பார்த்தது.

கொஞ்சம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. கழுத்துப் பட்டையில் தொங்கிய தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். பேரும் முகவரியும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. பட்டையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். நாய் வரமாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. தரதரவென்று இழுக்க வேண்டியதாயிற்று.

வாசல் கதவருகே டெனிஸ் தன் கொழுத்த லாப்ரடாரைக் காரில் ஏற்ற முயன்றுகொண்டிருந்தாள். அந்த லாப்ரடாரின் பெயர் டச்சஸ். டெனிஸின் பெயர் எனக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம், ஒரு காலத்தில் அவளை இரண்டு தடவை ஃபெயில் பண்ணியவள் நான்.

"பிக்கிளோட அப்பாவைப் பாத்தியா?"

"காலையில பாத்தேனே. தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னாரு. ஏன், என்னாச்சு?"

"நாய் மட்டும் தனியா இருக்கு. அவரு வீடு எங்கன்னு தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? அவரு பேரே தெரியாது."

வேலிக்கு அந்தப் பக்கத்து வயல் பார்னி தர்லோவினுடையது. எங்கள் பேச்சைக் கேட்டு டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தான். ஆள் ஆறடி, வாய் ஏழடி.

"என்ன லோர்னா, கடைசியில ஒருத்தரைக் கொன்னே புட்டியா? கயித்தைத் தாண்டினாரா?"

"வாயை மூடு பார்னி. மனுஷனைக் காணோம். வயசானவரு."

அவன் முகம் மாறிவிட்டது. ராத்திரி உறைபனி விழும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். தோட்டத்துக் கன்றுகளைச் சாக்குப் போட்டு மூடச் சொல்லியிருந்தார்கள். அப்படிப்பட்ட ராத்திரியில் ஒரு கிழவர் வெளியே கிடந்தால் என்ன ஆகும் என்று எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பார்னி ஓடைப் பக்கம் போனான். டெனிஸ் சாலையோரம் தேடினாள். நான் பாதை முழுக்கக் கயிற்றை ஒட்டி நடந்து, இரண்டு பக்கமும் பூக்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு தண்டு வளைந்திருக்கவில்லை. ஒரு இலை மடங்கியிருக்கவில்லை. என் கண்ணுக்குத் தப்பாது. மறுபடி மூவரும் பாதை வளைவில் கூடினோம்.

"பூவுக்குள்ள போயிருப்பாரோ?" என்றான் பார்னி.

"சான்ஸே இல்லை. யாரும் மிதிக்கலை. நான் பாத்துட்டேன்."

"அப்போ பறந்துதான் போயிருக்கணும்."

டெனிஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?" என்றாள்.

"சொல்லு."

"காலையில அவரைப் பாத்துட்டு நான் இந்தப் பக்கமா திரும்பி வந்தப்போ ஒரு குரல் கேட்டுச்சு. 'கொஞ்சம் மன்னிக்கணும்'னு. ரொம்ப மெதுவா. யாரோ யாருகிட்டயோ பேசிக்கிட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

"எந்தப் பக்கமிருந்து?"

"நான் திரும்பிப் பாக்கலை லோர்னா. திரும்பிப் பாத்தா ஒட்டுக்கேட்ட மாதிரி ஆயிடும்ல."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்தக் குழப்பத்தில் பிக்கிளின் பட்டையை என் கை விட்டுவிட்டது. நாய் ஓடவில்லை. நாலு எட்டு வைத்து, முதலில் உட்கார்ந்திருந்த அதே குச்சியருகே போய், அதே மாதிரி உட்கார்ந்து, பூக்களுக்குள் நேராகப் பார்த்தது.

"ஏ பார்னி, இந்த நாய் தொலைஞ்ச நாய் இல்லை," என்றேன். "'இங்கயே இரு'ன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. இது காலையிலேர்ந்து இங்கயே இருக்கு. நான்தான் இழுத்துக்கிட்டு அலைஞ்சிருக்கேன்."

"மிதிக்காம எப்படிப் போனாரு?"

"ஒவ்வொரு அடியா பாத்துப் பாத்து வெச்சுப் போயிருக்காரு." அவரை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும் என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

காட்டுக்குள் செல்போன் எடுக்காது. பார்னியைப் பாதையிலேயே நிற்கச் சொன்னேன். நான் குரல் கொடுத்தால் அவன் வயல் மேட்டுக்கு ஓடிப் போன் பண்ண வேண்டும். பிறகு கயிற்றைத் தூக்கி, என் வாழ்நாளில் முதல் தடவையாக, அதன் அந்தப் பக்கம் காலை வைத்தேன்.

பாதையில் நின்று பார்க்கிறவரைக்கும் அது ஒரு விரிப்பு. உள்ளே இறங்கினால் அப்படி இல்லை. முழங்காலுக்குக் கீழே என் கால்கள் எனக்கே தெரியவில்லை. தண்டுக்கும் தண்டுக்கும் நடுவே விரலால் விலக்கிக் காலை நுழைத்தேன். சாயங்கால வெயில் மரங்களுக்கிடையே படுக்கையாக வந்துகொண்டிருந்தது. அது பட்ட இடத்தில் நீலம் வெளுத்துப் புகையாக நின்றது. படாத இடத்தில் ஊதாவாக, இன்னும் உள்ளே போகப் போகக் கறுப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், நிறம் மாறியது. இத்தனை வருடம் இதற்குக் காவல் இருந்தவள் நான், இதைப் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு கிழவர் உயிரோடு இருக்கிறாரா என்று தேடிப்போகிற நேரத்தில் சந்தோஷம் வரலாமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்படியும் அது போகவில்லை.

மணமும் அப்படித்தான். பாதையில் நின்றால் காற்றில் கொஞ்சம் வரும், போகும். இங்கே அது ஒரே இடத்தில் கனமாக நின்றது. தேனும் ஈரமண்ணும் சேர்ந்த வாசனை. அப்புறம் அந்த அமைதி. எங்கள் காட்டில் எங்கே நின்றாலும் தூரத்து நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கும், அது பழகிப்போன ஒன்று. உள்ளே போகப் போக அது தேய்ந்து ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது. என் மூச்சு எனக்குப் பெரிய சத்தமாகக் கேட்டது. மெய்சிலிர்த்தது என்று எழுதுவார்கள். எனக்கு நிஜமாகவே முழங்கையிலிருந்து தோள் வரை சிலிர்த்தது.

கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவது? பேர் தெரியாது.

"பிக்கிளோட அப்பா!" என்று கத்தினேன்.

காடே திடுக்கிட்டது. இரண்டு காட்டுப் புறாக்கள் படபடவென்று எழுந்து போயின. பிறகு, கொஞ்சம் இடப்பக்கமாக, சாந்தமான ஒரு குரல் கேட்டது.

"இங்கதாங்க இருக்கேன். மன்னிக்கணும்."

எனக்கு உயிர் வந்தது.

குரல் வந்த திசையில் ஆஷ் மரங்களின் கூட்டம் ஒன்று நின்றது. கூட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் காட்டை எத்தனையோ தலைமுறையாக வெட்டி வந்திருக்கிறார்கள். வேலிக்கு, விறகுக்கு, மண்வெட்டிக் காம்புக்கு. ஆஷ் மரத்தை அடியோடு வெட்டினால் சாகாது. அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு விட்டு வளரும். அதை வெட்டினால் மறுபடி வளரும். ஒவ்வொரு தடவையும் கட்டை கொஞ்சம் வெளிப்பக்கம் அகலும், நடு உளுத்து மண்ணாகும். சின்ன மரங்களில் அதைப் பார்த்திருக்கிறேன். இது ஒரு பெரிய அறை அளவுக்கு வட்டமாக நின்றது. சுற்றி இருபது முப்பது தண்டுகள், வெள்ளிச் சாம்பல் நிறத்தில், நேராக மேலே. கீழே பாசி படிந்த வேர்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்திருந்தன. அத்தனையும் ஒரே மரம். எங்கள் ஊர்த் தேவாலயம் கட்டுவதற்கு முன்னால் முளைத்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் என்றாலும் நம்புவேன். உள்ளே தரையெல்லாம் பூ. மேலே வட்டமாக ஒரு துண்டு வானம். நான் அந்த வாசலில் நின்று, எதற்கு வந்தேன் என்பதை ஒரு கணம் மறந்தேபோனேன்.

அவர் ஒரு வேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கால் கோணலாகத் திரும்பியிருந்தது. முகம் மெழுகு நிறம், உதடு நீலம். மடியில் பளபளவென்று ஒரு வெள்ளி பலூன், காற்றுப் போய்ச் சுருங்கி, 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்ற எழுத்தோடு.

"இது பூவுக்கு நடுவுல கெடந்துச்சு," என்றார். "அசிங்கமா இருந்துச்சு. எடுத்துட்டு வந்துடலாம்னு உள்ள வந்தேன். ஒரு பூவைக்கூட மிதிக்கலைங்க, சத்தியமா."

"தெரியும்," என்றேன். "அதனாலதான் உங்களைக் கண்டுபிடிக்க முடியலை."

வளைக்கரடி என்று ஒரு சின்னப் பிராணி, மண்ணில் அது தோண்டிய குழி ஒன்றில் கால் மாட்டியிருக்கிறது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டதாம். அங்கிருந்து இந்த வட்டத்துக்குள் நகர்ந்து வந்திருக்கிறார், பூ இல்லாத வேர்களின் மேலேயே.

மரத்துக்கு வெளியே வந்து பார்னிக்குக் குரல் கொடுத்தேன். அவன் பதிலுக்குக் கத்திவிட்டு ஓடுவது கேட்டது. திரும்பிப் போய் என் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தினேன். என் ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த தேநீரைக் குடிக்கவைத்தேன். கப்பைப் பிடிக்க அவர் கைக்குத் தெம்பில்லை. நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேனே."

"'கொஞ்சம் மன்னிக்கணும்'னா?"

"ஆமா. ரெண்டு மூணு தடவை."

"அடக் கடவுளே! கால் ஒடிஞ்சு கெடக்கீங்க. 'காப்பாத்துங்க'ன்னு கத்த வேண்டாமா?"

அவர் யோசித்தார். "காப்பாத்துங்கன்னு கத்துற அளவுக்கு மோசமில்லையேன்னு தோணுச்சு. அப்புறம் அந்த அளவுக்கு ஆச்சு. அப்போ குரல் வரலை."

தலையில் அடித்துக்கொண்டேன். "வீட்டுல தேட மாட்டாங்களா?"

"வீட்டுல பிக்கிள்தாங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் மேலே கேட்கவில்லை. அவரே மறுபடி பேசினார்.

"உங்க பேரு தெரியாது எனக்கு. உங்களை நாங்க 'கயித்தம்மா'ன்னுதான் சொல்லுவோம்."

"நாங்கன்னா யாரு?"

"நானும் பிக்கிளும்."

"என் பேரு லோர்னா."

"எட்வின்," என்றார். "எட்வின் பாலன்ட்." கையை நீட்டினார். நான் குலுக்கினேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. விடாமல் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். அவர் கூச்சப்பட்டார், நானும்தான். ஆனால் விடவில்லை.

"கொஞ்சம் பேசாம கேளுங்க," என்றார்.

கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ உயரத்தில் ஒரு பாடும் பறவை ஆரம்பித்தது. ஒரு சின்ன வரியைப் பாடும், நிறுத்தும், அதையே இன்னொரு தடவை பாடும், திருப்தி வந்தால்தான் அடுத்ததுக்குப் போகும். இன்னொன்று தூரத்திலிருந்து பதில் சொன்னது. வெயில் தண்டுகளின் ஒரு பக்கத்தை மட்டும் சிவப்பாக்கிவிட்டு மெல்ல மேலே ஏறியது. பூக்கள் தாங்களே வெளிச்சம் விடுவதுபோலத் தெரிந்தன. நான் கோயில் குளம் என்று போகிறவள் இல்லை. கிறிஸ்துமஸுக்குக்கூடத் தேவாலயத்துக்கு நேரத்துக்குப் போனதில்லை. அங்கே மண்டியிடத் தோன்றியது. ஏற்கனவே மண்டியிட்டுத்தான் இருந்தேன் என்பதால் பிழைத்தேன்.

"மத்தியானம் ஒரு மான் வந்துச்சு," என்றார் எட்வின். குரல் ரொம்ப இறங்கியிருந்தது. "பெட்டை மான். இதோ, இங்க, உங்க பக்கத்துல நின்னுச்சு. என்னைப் பாத்துச்சு. நானும் ஒரு வேருன்னு நெனச்சிருக்கும். அதோட மூச்சு எனக்குக் கேட்டுச்சு. அப்போ வலியே தெரியலை. இப்படியே போனாலும் பரவாயில்லைன்னு இருந்துச்சு. நல்ல இடம். யாருக்கும் தொந்தரவு இல்லை."

அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. பேருந்தில் இடம் விட்டுக்கொடுக்கிறவர் மாதிரி சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"எட்வின், உளறாதீங்க," என்றேன். "எனக்குத் தொந்தரவு. ரொம்பத் தொந்தரவு. நாளைக்குக் காலையில நான் யாருகிட்ட குளிரைப் பத்திப் பேசுறது?"

அவர் சிரிக்கப் பார்த்தார். பல் கிடுகிடுவென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கிடுகிடுப்பும் நின்றுவிட்டது. நின்றது நல்லதற்கல்ல என்று எனக்குத் தெரியும். கண் மூடிக்கொண்டே போனது. கன்னத்தில் தட்டித் தட்டிப் பேச்சுக் கொடுத்தேன்.

பாதைப் பக்கம் ஆள் சத்தம் கேட்டதும் நான் எழுந்து, வந்த வழியே காலை நுழைத்து நுழைத்துப் போனேன். ஆம்புலன்ஸிலிருந்து ஒரு சின்ன வயதுப் பெண்ணும், தீயணைப்புக்காரர்கள் நாலு பேரும், தூக்குக் கட்டிலோடு வரிசையாக நின்றிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே. ஒருத்தரும் உள்ளே வரவில்லை. முன்னால் நின்ற மீசைக்காரர் என் பலகையைக் காட்டினார்.

"மேடம், இதுக்குள்ள நடக்கலாங்களா? கூடாதுன்னு போட்டிருக்கே."

"சுத்திக்கிட்டு வர வழி இருக்கு," என்றான் பார்னி. "ஓடையைத் தாண்டி, வடக்குப் பக்கமா. ஆனா இருட்டிடும்."

"அவரும் அதைத்தான் சொன்னாரு," என்றேன். நான் கிளம்பும்போது எட்வின் கண்ணைத் திறந்து சொன்ன கடைசி வார்த்தை அது. 'பூவு வழியா கூட்டிட்டு வராதீங்க லோர்னா. சுத்திக்கிட்டு வரச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்.'

அவர் காத்திருப்பார். எத்தனை நேரம் வேண்டுமானாலும், ஒரு வார்த்தை பேசாமல், செத்துப்போகிற வரைக்கும் காத்திருப்பார். அந்த மாதிரி மனிதர்.

பார்னியின் இடுப்பிலிருந்த கத்தியை உருவிக் கயிற்றை அறுத்தேன். குச்சிகளைப் பிடுங்கி எறிந்தேன். பலகையையும்தான்.

"என் பின்னாலயே வாங்க," என்றேன். "அகலமா வாங்க. நேரா வாங்க. காலைப் பாக்காதீங்க."

"மிதிக்கலாங்களா?" என்றார் மீசைக்காரர் மறுபடி. நல்ல மனிதர், பாவம்.

"மிதிங்கய்யா! மிதிச்சுத் தொலைங்க!"

முன்னால் நடந்தேன். பூட்ஸை அகல அகலமாக வைத்து, தட்டுப்பட்டதையெல்லாம் சாய்த்து, நேர்க்கோடாகப் போனேன். தண்டுகள் கீரைத்தண்டு ஒடிகிற சத்தத்தோடு ஒடிந்தன. பச்சைச் சாற்றின் வாடை குப்பென்று எழுந்தது. பின்னால் அத்தனை பேருடைய கால்களின் சத்தம். நான் அழுதுகொண்டே போனேன். ஆனால் ஒரு அடிகூடத் தயங்கவில்லை. டெனிஸும் வந்தாள், பார்னியும் வந்தான், பிக்கிள் மட்டும் குச்சி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதற்கு யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

தூக்கிக்கொண்டு வரும்போது எட்வின் கண்ணை இறுக மூடியிருந்தார். மயக்கமோ என்று ஆம்புலன்ஸ் பெண் பயந்து கன்னத்தைத் தட்டினாள். மயக்கம் இல்லை. பார்க்கக் கூடாது என்று மூடியிருந்தார்.

கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஒரு மாதம் அங்கே இருந்தார். பிறகு நடக்கப் பழகுகிற இடத்தில் ரொம்ப நாள். பிக்கிள் என் வீட்டில் இருந்தது, என் சோபாவில் ஒரு மூலையைத் தின்று தீர்த்தது. வாரா வாரம் நான் போய்ப் பார்ப்பேன். பூக்களைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

இந்த வருடம் ஏப்ரல் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. பாதையிலிருந்து அந்த ஆஷ் வட்டம் வரைக்கும், டிராக்டர் போகிற அகலத்துக்கு, வெறும் பழுப்பு மண். இரண்டு பக்கமும் பூ நெருக்கியடித்துக்கொண்டு நின்றதால் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. இதைச் செய்த காட்டுமிராண்டி யார் என்று கேட்டு ஊர்ச் செய்தித்தாளுக்கு யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். நான்தான் என்று பதில் எழுதி அனுப்பினேன், பேரோடு. கயிறு கட்டும்போது அந்த இடத்தில் மட்டும், ஆட்கள் நின்று பார்க்கிற மாதிரி, கயிற்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டினேன். அங்கே வந்ததும் நடந்துகொண்டிருந்த சனம் பேச்சை நிறுத்துவதைப் பார்த்தேன். பூ இல்லாத அந்த இடைவெளி வழியாக, உள்ளே, அந்தப் பெரிய மரம் முழுசாகத் தெரிந்தது. குழந்தைகள்கூட அங்கே கத்தவில்லை.

எட்வின் ஒரு கைத்தடியோடு வந்தார். நாயும் வந்தது. வரவேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். ஒரு வருடம் போகட்டும், கொஞ்சம் முளைக்கட்டும் என்று. கேட்கவில்லை. வளைவில் வந்து நின்றார். பார்த்தார்.

அவர் மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் தயார் பண்ணிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. அந்த வெறும் மண்ணை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார், திரும்ப அந்த முனையிலிருந்து இந்த முனைக்குக் கண்ணைக் கொண்டுவந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இவ்வளவும் எனக்காகவா?" என்றார்.

"ஆமா எட்வின். உங்களுக்காகத்தான்."

அவர் அழ ஆரம்பித்தார். அடக்கப் பார்க்கவில்லை. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.